2யூ சர்வர் ரேக்கில் பாதியில் இறுகுகிறது, கேபிளும் போதவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. சதுர ஓட்டை உள்ள 19 அங்குல ரேக்கில் (சர்வர்களை அடுக்கும் சட்டகம்) 2யூ உயரமுள்ள சர்வர் ஒன்றை மாட்டுகிறேன். சர்வரைத் தாங்கி நகர்த்தும் இரண்டு ரெயில்களும் 'கிளிக்' சத்தத்தோடு உட்கார்ந்துவிட்டன. ஆனால் சர்வரைத் தள்ளினால் பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. இன்னொரு சிக்கல்: கீழே ஏற்கெனவே ஓடும் சர்வரை முன்னால் இழுத்தால் நெட்வொர்க் கேபிள் விறைத்துக்கொண்டு கழன்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
தயவுசெய்து அழுத்தித் தள்ளாதீர்கள், ரெயிலின் பேரிங் போய்விடும். எப்படி நிற்கிறது என்று சொல்லுங்கள். 'டக்'கென்று முட்டி நின்றால் அது பூட்டுதான், இரு பக்கமும் உள்ள லீவரைச் சேர்த்து அழுத்தினால் உள்ளே போகும். கொஞ்சம் கொஞ்சமாக இறுகினால் ரெயில் கோணலாக இருக்கிறது.

கேட்டவர்:
இறுகித்தான் நிற்கிறது. பின்தூணில் யூ எண்கள் இல்லை.

பதில் 1:
அங்கேதான் ஓட்டை மாறியிருக்கும், ரெயிலின் முன்முனையும் பின்முனையும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு யூ என்பது 44.45 மி.மீ. உயரம், அதில் மூன்று ஓட்டைகள். ஓட்டைகளின் இடைவெளி 15.9, 15.9, 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். அந்தக் குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. பின்தூணில் கீழிருந்து எண்ணி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கிளிக் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், தவறான ஓட்டையிலும் கொக்கி மாட்டிக்கொள்ளும். சர்வரை வெளியே எடுக்கும்போது இன்னொருவர் கட்டாயம் கூட இருக்கட்டும்.

பதில் 2:
கேபிளுக்கு நான் சொல்கிறேன். ரெயில் முழு நீளத்துக்கு வெளியே வந்தாலும் விறைக்காத அளவு கேபிளைத் தளர்வாக விட வேண்டும். ஜிப் டையை வெட்டி எறிந்துவிட்டு வெல்க்ரோ போடுங்கள். இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் ஜோடிக் கம்பிகள் நசுங்கும். கேட்6 வகை நெட்வொர்க் கேபிளை வளைக்கும்போது வளைவின் ஆரம் அதன் விட்டத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்கட்டும். 6 மி.மீ. கேபிள் என்றால் 24 மி.மீ.

பவர் கேபிள் ஒரு பக்கம், நெட்வொர்க் மறுபக்கம். இரண்டு பவர் சப்ளை இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி பிடியூவில் (ரேக்கில் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பிளக் பட்டை) செருகுங்கள். ஒன்று போனால் மொத்தச் சுமையும் மற்றதன் மேல் விழும், அதைத் தாங்குமா என்று இப்போதே பாருங்கள். லேபிள் இரு முனையிலும் வேண்டும். நள்ளிரவில் ஒரு கேபிளைத் தேடும்போது அதன் அருமை தெரியும்.

அப்புறம், ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களை வெளியே இழுக்காதீர்கள். ரேக் முன்னால் கவிழ வாய்ப்பு உண்டு.

கேட்டவர்:
இடது ரெயிலின் பின்முனை ஒரு ஓட்டை மேலே இருந்தது. இறக்கி மாட்டியதும் சர்வர் ஒரு விரல் தள்ளலில் உள்ளே போய்விட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. மேலே 3யூ காலியாக இருக்கிறது, அப்படியே விடலாமா?

பதில் 2:
வேண்டாம், மூடித் தகடு போடுங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் சூடான காற்று அந்த இடைவெளி வழியாக முன்னால் திரும்பி, சர்வர் அதையே மறுபடி உள்ளிழுக்கும்.