புறச்செருகலா, புறக்கருதலா?

நண்பர்களுக்கு வணக்கம். சோதனையில் கிடைத்த அளவுகளை வரைபடமாக்கிய பின், அளந்த எல்லைக்கு அப்பாலும் கோட்டை நீட்டி ஒரு மதிப்பைக் காண்பதற்குப் (ஆங்கிலத்தில் extrapolation) 'புறச்செருகல்' என்ற சொல்லே போதும் என்று, கலைச்சொற்களைப் பற்றிய நம் உரையாடலில் இருவர் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை நாம் மாற்றியே ஆகவேண்டும் என்று நான் நினைக்கிறேன். காரணத்தைச் சேலத்து மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய ஒரு சோதனையைக் கொண்டு விளக்குகிறேன்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் நீரின் கொதிநிலையும் 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் வீதம் இறங்குகிறது. சேலத்தில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் நீர், ஏற்காட்டு ஏரிக்கரையில் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். நகரத்தில் ஓர் அளவு, மலையடிவாரத்தில் ஓர் அளவு, ஏரிக்கரையில் ஓர் அளவு, அதற்கும் மேலே சேர்வராயன் கோயில் பக்கம் ஓர் அளவு என்று எடுத்தால் வரைபடத்துக்கு நான்கு புள்ளிகள் கிடைக்கும். இடையில் இருக்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் காட்டுப்பகுதியில் இருப்பதால் அங்கே அடுப்பு மூட்டக்கூடாது. கடல்மட்டமோ சேலத்துக்காரர்களுக்குக் கிடைக்காத இடம். ஆகவே வளைவுகளில் உள்ள கொதிநிலையைப் புள்ளிகளுக்கு இடையிலும், கடல்மட்டக் கொதிநிலையைப் புள்ளிகளுக்கு வெளியிலும் கோட்டைப் பார்த்தே சொல்லவேண்டும். நாம் பெயர் தேடும் இரண்டு செயல்களும் இவைதான்.

வரைபடத்தாளில் குறுக்கே 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்றும், நெடுக்கே 1 செ.மீ.க்கு அரை டிகிரி என்றும் அளவுத்திட்டம் வைத்துக்கொண்டு, நெடுக்கச்சை 94 டிகிரியிலிருந்து தொடங்கினால் படம் தாளில் நன்றாக விரிந்து அமையும். சுழியிலிருந்து தொடங்கினால் நான்கு புள்ளிகளும் தாளின் உச்சியில் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், சாய்வு கண்ணுக்கே தெரியாது. கூர்மையான பென்சிலால் சிறு பெருக்கல் குறிகள் இட்டு, ஒளி ஊடுருவும் அளவுகோலை அவற்றின் மேல் வைத்து, குறிகள் கோட்டின் இருபுறமும் சமமாகப் பிரியும்படி மெல்ல நகர்த்தி நிறுத்த வேண்டும். எல்லாக் குறிகளையும் கோடு தொட்டே தீரவேண்டும் என்று மாணவர்களை வற்புறுத்தும் பழக்கம் இன்னும் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் அளவீட்டில் வரும் இயல்பான சிதறலை மறைக்கவே அது கற்றுக்கொடுக்கிறது.

அளந்த எல்லை வரை முழுக்கோடாகவும், அதற்கு இடப்புறம் புள்ளிக்கோடாகவும் வரைந்து கொண்டு போனால், உயரம் சுழியாகும் இடத்தில் அது 100 டிகிரிக்குப் பக்கத்தில் நெடுக்கச்சைத் தொடும். தொடும் இடம் 101 ஆக இருந்து, சாய்வு மட்டும் சரியாக இருக்குமானால், வெப்பமானி எல்லா இடத்திலும் ஒரு டிகிரி கூட்டிக் காட்டியிருக்கக்கூடும். அதை உருகும் பனிக்கட்டியில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கோட்டை நீட்டுவதன் பயன் இவ்வளவு பெரியது.

இந்தச் செயலில் எதையும் எங்கும் நாம் செருகவில்லை என்பதுதான் என் முதன்மையான மறுப்பு. செருகுவதற்கு இரண்டு பக்கமும் ஏதேனும் இருக்கவேண்டும். புறத்தே செருகுதல் என்பது தன்னையே மறுக்கும் தொடர். அதற்கு இணையாகப் புள்ளிகளுக்கு இடையே மதிப்புக் காண்பதற்கு (interpolation) வழங்கும் 'இடைச்செருகல்' என்பதோ, பழைய நூல்களில் பிற்காலத்தார் நுழைத்த பாடல்களைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் வேரூன்றிவிட்டது, அதில் குற்றச்சாட்டின் தொனியும் உண்டு. இதனால் வகுப்பில் விளையும் கேட்டையும் பார்த்திருக்கிறேன். புறச்செருகல் என்று கேட்ட மாணவர், சுழி உயரத்தில் ஒரு பெருக்கல் குறியையே செருகிவிடுகிறார். அடுத்த பக்கத்தில் அதையும் அளந்த மதிப்புகளோடு சேர்த்து எண்ணுகிறார். அளந்ததும் அளக்காததும் ஒன்றாகிவிடுகின்றன.

'வெளிக்கணிப்பு' என்று ஒரு நண்பர் முன்வைத்தது இதைவிட மேல். ஆயினும் கணிப்பு என்றவுடன் சாதகமும் தேர்தலும் நினைவுக்கு வருகின்றன. அதோடு வரப்போவதை முன்கூட்டிச் சொல்லுதல் என்ற பொருளும் அதில் படிந்துவிட்டது. வளிமத்தின் (வாயுவின்) பருமனையும் வெப்பநிலையையும் குறித்த கோட்டை இடப்புறம் நீட்டினால் பருமன் சுழியாகும் இடம் −273 டிகிரிக்கு அருகில் வருகிறது. அந்த வெப்பநிலைக்கு முன்பே எல்லா வளிமங்களும் நிலை மாறிவிடுவதால், அது ஒருநாள் நடக்கும் என்று எவரும் கணிக்கவில்லை. கோடு எங்கே போய்ச் சேர்கிறது என்று கருதிப் பார்த்தார்கள், அவ்வளவே.

அந்தக் 'கருதல்' என்ற சொல்லையே நான் முன்மொழிகிறேன். காண்டல், கருதல், உரை என்று அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, பிரித்துச் சொல்லும் மரபு நம் தத்துவ நூல்களில் இருக்கிறது. புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று கொள்வது கருதல். வரைபடத்தின் பெருக்கல் குறிகள் காண்டல் என்றால், புள்ளிக்கோடு கருதல். 'கருதுகோள்' என்ற சொல்லை மாணவர்கள் ஏற்கெனவே தயக்கமின்றிப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் இதுவும் அவர்களுக்கு அந்நியமாக இராது. எனவே புள்ளிகளுக்கு இடையே காண்பது இடைக்கருதல், வெளியே காண்பது புறக்கருதல், கிடைக்கும் மதிப்பு கருதுமதிப்பு. 'கடல்மட்டக் கொதிநிலையைப் புறக்கருதிக் காண்க' என்று வினாத்தாளில் எழுதலாம். புறச்செருகலை வைத்து இப்படி ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள்.

'புறக்கணித்தல்' என்பதோடு குழம்பும் என்று ஒருவர் சொல்லக்கூடும். இடைக்கருதலை முதலில் கற்பித்து, அதன் இணையாக இதைச் சொன்னால் அந்த ஐயம் எழாது என்று நம்புகிறேன். வரைபடமே இல்லாமல் அட்டவணை எண்களை மட்டும் வைத்து இவ்விரு செயல்களையும் கற்பிப்பவர்கள், அங்கேயும் இச்சொற்கள் இயல்பாகப் பொருந்துகின்றனவா என்று எழுதினால் நன்றியுடையவனாவேன்.