கீமோவுக்குப் பின் வாய்ப்புண்: கேட்டால் போதாது, பார்க்க வேண்டும்

கோத்தகிரியிலிருந்து ஒரு செவிலியர்:

வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிப்பது என் பணி. கோவையில் கீமோ ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்புபவர்களுக்கு வாய்ப்புண் பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களுக்குள், வீட்டில் இருக்கும்போதுதான் தொடங்குகிறது. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்களைத் தாக்கும் மருந்து, அதுபோலவே விரைவாகப் புதுப்பிக்கப்படும் வாயின் உட்சவ்வையும் விட்டுவைப்பதில்லை.

தேயிலை பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவிடம் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்ட போதெல்லாம் "ஆச்சும்மா" என்றே பதில் வந்தது. மூன்றாம் முறை சென்றபோது, தட்டில் இருந்த வர்க்கி ஓரம்கூடக் கடிபடாமல் கிடப்பதைக் கண்டு, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். பல்செட்டைக் கழற்றும்போதே அவர் கண் கலங்கியது. அதன் விளிம்பு பட்ட இடமெல்லாம் சிவந்து, நாக்கின் அடியில் புண் பரவியிருந்தது. முதல் நாளே பார்க்காமல் விட்டது என் தவறுதான். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அன்றே மருத்துவரிடம் பேசி, மரத்துப்போகச் செய்யும் ஜெல் வாங்கி, சாப்பாட்டுக்கு முன் தடவினோம். புண் ஆறும்வரை பல்செட்டைக் கழற்றி வைத்தோம். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 1 தேக்கரண்டி உப்பும் 1 தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, விழித்திருக்கும் நேரத்தில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது. குளிர் ஊரில் ஆவி பறக்கும் தேநீரை விடச் செய்வதுதான் பெரும்பாடு. ஆறவைத்த ராகிக் கஞ்சிக்கும் பாலில் மசித்த பட்டர் ஃப்ரூட்டுக்கும் அவர் மெல்லப் பழகினார்.

குன்னூரிலிருந்து ஒரு மகள்:

என் அப்பாவுக்கு 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஊசியாகப் போடும்போது, அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருக்கச் சொன்னார் செவிலியர். "மார்கழியில் ஐஸா?" என்று அப்பா மறுத்தார். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அங்கே மருந்து குறைவாகச் சேரும் என்று அவர் பொறுமையாக விளக்கிய பின்பே ஒப்புக்கொண்டார். எல்லாக் கீமோ மருந்துக்கும் இது பொருந்தாது என்பதால், மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

அடுத்த சுற்றுக்குப் பின் ஓர் இரவு வாய்ப்புண்ணோடு காய்ச்சலும் வந்து, தெர்மாமீட்டர் 100.4 காட்டியது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் புண் வழியே கிருமி ரத்தத்தில் கலக்கக்கூடும், மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்ததால், மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டு, அந்த மூடுபனியிலேயே மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கினோம்.