பேட்டரிக்கு மாற்றிய லோகோ பாலம் தாண்டியதும் படுத்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

புளியரைக்காரன்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே மாடல் ரயிலுக்கு 45 மி.மீ. பாதை போட்டிருக்கிறேன். 1:22.5 அளவில் அது ஏறக்குறைய நம்ம மீட்டர்கேஜ்தான். அதனால் பழைய செங்கோட்டை–புனலூர் லைனையே மாதிரியாக எடுத்துக்கொண்டேன். கழுதுருட்டி 13 கண் பாலம்கூட சிமென்டில் உண்டு. 2010-ல் அகலப்பாதைக்காக அந்த லைனை மூடியபோது பிடித்த பைத்தியம் இது.

இதுவரை தண்டவாளத்தில்தான் கரண்ட். ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். பித்தளைத் தண்டவாளம் கறுத்துப்போகும், மேலே தென்னம்பூ வேறு கொட்டிக் கிடக்கும். வண்டி நாலடி போகும், நிற்கும். தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய் பேட்டரி, ரிமோட்டுக்கு மாறினேன்.

லோகோ பழைய ஜெர்மன் நீராவி மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டெண்டருக்குள் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டி) 18650 லித்தியம் செல் நான்கு தொடராக (14.8 வோல்ட், 2600 மில்லி ஆம்பியர் மணி), கூடவே 10 ஆம்பியர் பிஎம்எஸ் (கோளாறு என்றால் கரண்டை வெட்டி செல்லைக் காக்கும் போர்டு). ரிமோட் பொம்மைக் காருக்கான 20 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர். மோட்டார் பிளாக்கிலிருந்து வெளியே வரும் இரண்டு ஒயரில் கன்ட்ரோலரைச் சேர்த்துவிட்டேன்.

மேஜையில் கவிழ்த்து வைத்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது. பாதையில் விட்டால் கீழ்ப்பக்கம் முழுக்க அருமையாகப் போய், பாலம் தாண்டி மேட்டில் ஏறியதும் பொட்டென்று நின்றுவிடுகிறது. ரிசீவர் விளக்கும் அணைந்துவிடும். பேட்டரி பிளக்கைக் கழற்றி மாட்டினால்தான் மறுபடி உயிர் வரும். மேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு திரும்பு லூப் (வண்டி வட்டமடித்து வந்த பாதையிலேயே திரும்பும் வளையம்) போட்டிருக்கிறேன். தண்டவாளத்தில் கரண்ட் இல்லையே என்ற தைரியத்தில் போட்டது. அதுவரை ஒரு நாளும் வண்டி போய்ச் சேர்ந்ததில்லை.

இன்னொன்று: ரிமோட் ஸ்டிக்கை விட்டதும் சடக்கென்று நிற்பதால் பின்னால் வரும் பெட்டிகள் தடம் புரள்கின்றன.

தென்மலை:
அண்ணாச்சி, பாலம் வீட்டிலிருந்து தூரமா? ரிசீவர் ஆன்டெனா எங்கே இருக்கிறது? 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒயரின் நுனியில் உறை இல்லாத 3 செ.மீ. சொச்சம்தான் உண்மையான ஆன்டெனா. அதை எடைக்கு வைக்கும் ஈயக்கட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்தால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். எல்லாரும் செய்கிற வேலை அது.

புளியரைக்காரன்:
நான் வண்டி கூடவேதான் நடக்கிறேன். ஆன்டெனா டெண்டரின் நிலக்கரிக் குவியலுக்குள் நிமிர்ந்து நிற்கிறது, சுற்றிலும் பிளாஸ்டிக்.

தென்காசி டீசல்:
சிக்னல் போனால் ரிசீவர் விளக்கு மின்னும், அணையாது. கரண்டே போகிறது என்றால் பிஎம்எஸ் வெட்டுகிறது. மேட்டில் லோடு கூடி, செல் தளர்ந்து, வோல்ட் இறங்கியிருக்கலாம். பழைய லேப்டாப் செல்லா? செல் ஒன்று 3 வோல்ட்டுக்கு இறங்கினால் வேலை முடிந்தது. மேட்டில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று மீட்டரைத் தொடரில் போட்டுப் பாருங்கள்.

ஸ்டிக் பிரச்சினைக்கு: கன்ட்ரோலரில் டிராக் பிரேக் (ஸ்டிக்கை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) என்று ஒரு செட்டிங் இருக்கும், அதைப் பூஜ்யமாக்குங்கள். கார் மோடில் ரிவர்ஸுக்கு முதலில் பிரேக், அப்புறம்தான் பின்னோட்டம். நேராகவே பின்னோட்டம் தரும் கிராலர் மோட் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஸ்டிக்கின் நடு ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டால் வேகத்தை வைத்த இடத்திலேயே நிறுத்தலாம்.

புளியரைக்காரன்:
பிரேக் விஷயம் சரியாகிவிட்டது, நன்றி. செல் புதுசு. சமதளத்தில் 0.8 ஆம்பியர், மேட்டில் 1.5. நின்ற உடனே அளந்தால் பேக்கில் 15.6 இருக்கிறது. பெட்டிகளைக் கழற்றி வெறும் லோகோவை மெதுவாக விட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது, ஒரு சாண் முன்னே பின்னே இல்லை.

கொழிஞ்சாம்பாறை:
ஏனுங்க, எப்போதும் ஒரே இடம் என்கிறீர்களே, அப்புறம் எதற்கு மேட்டையும் செல்லையும் சந்தேகப்பட வேண்டும்? 1.5 ஆம்பியருக்கு 10 ஆம்பியர் பிஎம்எஸ் வெட்டாது. எங்கேயோ ஷார்ட் ஆகிறது. நான் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், ஒரே இடத்தில் வரும் கோளாறு என்றால் எனக்கு முதலில் ஷார்ட்தான் தோன்றும்.

ஒரு காரியம் செய்யுங்கள். லோகோவைக் கவிழ்த்து வைத்து, ரிமோட்டில் பாதி வேகம் கொடுத்து, மீட்டர் முனைகளை இடப்பக்கச் சக்கரம் ஒன்றிலும் வலப்பக்கச் சக்கரம் ஒன்றிலும் வையுங்கள். பூஜ்யம் காட்டினால் நான் சொன்னது தப்பு.

இன்னும் ஒன்று: அந்த இடத்தில் பாதையில் என்ன மாற்றம்? தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயின்ட் வேறு மாதிரியா?

புளியரைக்காரன்:
சுமார் 7 வோல்ட் காட்டுகிறது! வேகத்தை முழுசும் ஏற்றினால் 15-க்கு ஏறுகிறது. ஜாயின்டும் நீங்கள் கேட்ட மாதிரியேதான். பாலம் வரை பழைய பாதை, வெறும் தகட்டு ஜாயினர், எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்தது. பாலம் தாண்டி லூப் வரை புதுத் தண்டவாளம், திருகு போட்ட பித்தளை கிளாம்ப்.

கொழிஞ்சாம்பாறை:
அப்போ முடிந்தது. லூப்பில் இடது தண்டவாளம் சுற்றி வந்து வலது தண்டவாளத்தோடு சேர்கிறது. கரண்ட் இல்லாத பாதைக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் லோகோ பேட்டரி கரண்டைத் தண்டவாளத்துக்கே கொடுத்துக்கொண்டு ஓடுகிறது. பழைய பாதையில் களிம்பு பிடித்த ஜாயின்ட்கள் லூப்போடு தொடர்பை அறுத்துவிட்டன, அதனால் பிழைத்தது. கிளாம்ப் போட்ட நல்ல பாதையில் சக்கரம் வைத்த நொடியே நேர் ஷார்ட். கன்ட்ரோலர் எரியாமல் தப்பியது பிஎம்எஸ் புண்ணியம்.

பழைய மோட்டார் பிளாக்குகளில் சக்கர பிக்கப் (தண்டவாளக் கரண்டைச் சக்கரம் வழியாக எடுக்கும் அமைப்பு) உள்ளேயே பித்தளைப் பட்டையால் மோட்டாரைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியே வரும் ஒயரைப் பார்த்தால் தெரியாது. நாலு ஒயர் வந்திருந்தால் இரண்டு மோட்டாருக்கு, இரண்டு சக்கரத்துக்கு என்று பிரித்திருக்கலாம். உங்களுக்கு இரண்டுதான். அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி, சக்கரத்தின் பின்பக்கம் அழுத்தும் கார்பன் பிரஷ்களையும், தண்டவாளத்தில் உரசும் ஸ்பிரிங் செருப்புகளையும் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் பறக்கும், கீழே ஒரு வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குள் இருக்கிற பிரஷ்ஷைத் தொட்டுவிடாதீர்கள், அது வேறு.

பேட்டரி பிளஸ்ஸை ஒட்டி 5 ஆம்பியர் பியூஸ் ஒன்றும் போடுங்கள். பிஎம்எஸ்ஸை மட்டும் நம்பி லித்தியம் செல்லை வீட்டில் வைக்கக் கூடாது.

தென்மலை:
அடித்தட்டு திறந்திருக்கும்போதே மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று சால்டர் செய்யுங்கள். பிரஷ் பொறி ரிசீவரைக் கலைக்காது. சார்ஜ் போடும்போது பேக்கை டெண்டரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், தகர ஷெட் வெயிலில் வைத்துப் போடாதீர்கள்.

புளியரைக்காரன்:
நாலு கார்பன், இரண்டு செருப்பு, எல்லாம் வெளியே. சக்கரத்தில் இப்போது பூஜ்யம். வண்டி லூப்பைச் சுற்றிவிட்டுத் தானாகத் திரும்பி வருகிறது. செருப்பு உரசல் போனதால் மேட்டில் 1.3 ஆம்பியர்தான் இழுக்கிறது. ஆனால் முன்விளக்கு எரியவில்லை, அது அந்தப் பட்டையிலிருந்துதான் கரண்ட் எடுத்துக்கொண்டிருந்தது போல. மோட்டார் ஒயரிலேயே சேர்த்துவிடலாமா?

கொழிஞ்சாம்பாறை:
மோட்டார் ஒயரில் சேர்த்தால் வண்டி நின்றதும் விளக்கும் அணைந்துவிடும். பியூஸுக்கு அப்புறம், கன்ட்ரோலருக்கு முன்னால் இருக்கும் ஒயரில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து எடுங்கள். எல்இடி என்றால் தொடரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். பழைய குண்டு பல்பு என்றால் அதன் மேல் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.