மறு: போக்கரில் ‘வெட் போர்டு’, ‘டிரை போர்டு’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். ‘ஈரப் பலகை – உலர் பலகை’ என்ற இணைக்கு ஆதரவு கூடிவருகிறது. அதை ஏற்பதற்கு முன் ஒரு மறுப்பையும் ஒரு மாற்றையும் முன்வைக்கிறேன். போக்கர் என்ற இந்தச் சீட்டாட்டத்தை அறியாதவர்களும் குழுமத்தில் இருப்பதால் முதலில் பொருளை விளக்கிவிடுகிறேன்.

டெக்சஸ் ஹோல்டெம் வகைப் போக்கரில் ஒவ்வொருவர் கையிலும் 2 சீட்டுகள் மறைவாக இருக்கும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டுகள் திறக்கப்படும். முதல் மூன்றும் ஒன்றாக வரும், அது ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தை வைத்து வெற்றி முடிவாகிறது. நடுவில் விரியும் அந்தப் பொதுச்சீட்டுகளுக்குத்தான் போர்டு என்று பெயர். அங்கே பலகை எதுவும் கிடையாது. ஆகவே ‘பலகை’ எனக்கு முதல் தடை. ‘களம்’ என்று வைப்போம்.

ஃப்ளாப்பில் ஸ்பேட் ராஜா, டைமண்ட் 7, கிளாவர் 2 விழுவதாகக் கொள்ளுங்கள். மூன்றும் மூன்று சின்னம். எண்களும் எட்ட எட்ட நிற்கின்றன. ஒரே சின்னத்து ஐந்து சீட்டுகளான ஃப்ளஷ்ஷுக்கு நான்கு சேர்த்துவிட்டு அடுத்த ஒன்றுக்காகக் காத்திருக்கும் கை இங்கே இருக்கவே முடியாது. ஸ்ட்ரெய்ட் எனப்படும் ஐந்து சீட்டு வரிசைக்காகக் காத்திருக்கும் கையும் அப்படியே. ராஜாவும் 7-உம் ஒரே வரிசைக்குள் அடங்கா, 7-உம் 2-உம் அடங்கா. இப்போது முன்னிலையில் இருப்பவர் பெரும்பாலும் கடைசிவரை முன்னிலையிலேயே இருப்பார். இது டிரை போர்டு.

இனி ஆட்டின் (ஹார்ட்ஸ்) 9, ஆட்டின் 8, கிளாவர் 7. ஒருவர் ஜாக்கியும் 10-உம் வைத்திருந்தால் வரிசை முடிந்தேவிட்டது. 10-உம் 6-உம் இருந்தாலும், 6-உம் 5-உம் இருந்தாலும் அப்படியே. கையில் இரண்டு ஆட்டின் உள்ளவர் இன்னொரு ஆட்டினுக்காகக் காத்திருக்கிறார். டர்ன், ரிவர் இரண்டும் சேர்த்து அவருக்கு அது கிடைக்க ஏறத்தாழ 35 விழுக்காடு வாய்ப்பு. உங்கள் கையில் ஸ்பேட் ஏஸும் டைமண்ட் ஏஸும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காத சீட்டுகள் 47. அவற்றில் ஆட்டின் 11. ஆட்டின் அல்லாத ஜாக்கி, 10, 6, 5 ஆகியவை 12. இந்த 23-இல் எது டர்னாக வந்தாலும் களத்தின் முகம் மாறிவிடும். ஏறக்குறையப் பாதிச் சீட்டுகள்! இது வெட் போர்டு.

ஈரமா காய்ந்ததா என்பது இங்கே விஷயமே அன்று. சீட்டுகள் ஒன்றோடொன்று எவ்வளவு பிணைகின்றன என்பதுதான் விஷயம். ஆங்கிலக்காரர் மனத்தில் ‘வெட்’ என்ற சொல் எதை எழுப்புகிறதோ, அதைத் தமிழ் ‘ஈரம்’ எழுப்புவதில்லை. நமக்கு ஈரம் என்றால் இரக்கம். ‘ஈரமில்லாதவன்’ என்றால் கல்நெஞ்சன். ஈரப் பலகை என்று படிக்கும் மாணவர் அதை இதமான களம் என்று எண்ணிக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

என் பரிந்துரை: வெட் போர்டு – பின்னற்களம், டிரை போர்டு – உதிரிக்களம். பூக்காரரிடம் உதிரிப் பூவும் உண்டு, தொடுத்த பூவும் உண்டு. அந்த வேறுபாடு தமிழருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. களத்துச் சீட்டுகள் பிணைந்திருக்கும் விதத்தைச் சொல்லும் டெக்ஸ்ச்சர் என்பதற்கு ‘இழைநயம்’ வேண்டாம், அது கவிதைக்கும் இசைக்கும் உரியது. ‘களப்பாங்கு’ போதும்.

வந்த மாற்றுக் கருத்துகளுக்கு என் மறுமொழிகள்:

> ‘அபாயக் களம் – பாதுகாப்பான களம்’ என்றால் எவருக்கும் உடனே புரியுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். அபாயம் யாருக்கு? 9-8-7 களத்தில், தொடக்கத்தில் பந்தயத்தை உயர்த்தியவரிடம் பெரிய ஜோடிகளும் பெரிய சீட்டுகளுமே மிகுதி. கட்டாயப் பந்தயம் வைத்த இருக்கையில் இருந்தபடி அதற்கு ஈடுகொடுத்தவரிடம் 6-5, 9-8, 8-7 போன்ற சிறிய இணைகள் ஏராளம். ஒரே களம் ஒருவருக்கு இடர், மற்றவருக்கு வாய்ப்பு. கலைச்சொல் களத்தைச் சொல்ல வேண்டும், யாருடைய அச்சத்தையும் சொல்லக் கூடாது.

> இரண்டே வகைதானா? நடுத்தரக் களங்களை என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. ‘ஈரம்–உலர்’ இணையைவிடப் ‘பின்னல்’ பொருந்துவது இங்கேதான். 52 சீட்டுகளில் மூன்றை எடுக்க 22,100 வழிகள். சின்னங்களை இடம் மாற்றினாலும் ஒன்றேயானவற்றைச் சேர்த்து எண்ணினால் 1,755 வகைகள். மூன்றும் மூன்று சின்னமாக வருவது 39.8 விழுக்காடு, இரண்டு ஒரே சின்னம், ஒன்று வேறு என்பது 55.1, மூன்றும் ஒரே சின்னம் 5.2. இந்தப் பரப்பில் முழு உதிரியும் முழுப் பின்னலும் இரு ஓரங்கள்தாம். பெரும்பாலானவை நடுவில் கிடக்கின்றன. ‘பின்னல் மிகுந்தது’, ‘பின்னல் குறைந்தது’, ‘டர்னில் பின்னல் கூடியது’ என்று எழுதும்போது தமிழ் தடுக்குவதில்லை. ‘டர்னில் ஈரம் கூடியது’ என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

ஒமாஹா வகைப் போக்கருக்கும் இது ஒத்துவரும். அங்கே கையில் 4 சீட்டுகள். அவற்றில் சரியாக இரண்டைப் பயன்படுத்த வேண்டும். அதாவது ஒவ்வொருவரிடமும் 6 இணைகள். அதே மூன்று பொதுச்சீட்டுகள் அங்கே இன்னும் பல கைகளோடு பின்னிக்கொள்கின்றன.

> ‘வெட்’ என்பதும் ‘டைனமிக்’ என்பதும் ஒன்றுதானே?

நெருங்கியவை, ஒன்றல்ல. ஆட்டின் ஏஸ், ஆட்டின் 8, ஆட்டின் 3 என்று வந்தால் மூன்றும் ஒரே சின்னம், பின்னல் உண்டு. ஆனால் ஆட்டின் ராஜாவும் இன்னோர் ஆட்டினும் வைத்திருப்பவர் ஃப்ளாப்பிலேயே உச்சக் கையை முடித்துவிட்டார். அடுத்த சீட்டு அவரை அசைப்பது அரிது. டைனமிக் என்பது அடுத்த சீட்டில் முன்னிலை தலைகீழாகும் தன்மை. அதற்குப் ‘புரள்களம்’, அதன் எதிரான ஸ்டாடிக்குக்கு ‘நிலைத்த களம்’ என்று தனியே வைக்கலாம். ‘நிலைக்களம்’ கூடாது, அதற்கு அடிப்படை என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது.

> இது சூதாட்டம். இதற்கெல்லாம் கலைச்சொல் தேவையா?

தேவை என்று உறுதியாக நம்புகிறேன். முழுத் தகவல் இல்லாமல் முடிவெடுப்பதை ஆராய்பவர்களுக்குப் போக்கர் ஓர் ஆய்வுக்கூடம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் 2017-இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. 2019-இல் புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் ஆட்டத்திலும் வென்றது. இவற்றைத் தமிழில் எழுதக் களப்பாங்குக்கு ஒரு சொல் வேண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் ஆட்டங்கள் என்றது. 2025-இல் வந்த மத்தியச் சட்டம் திறன், அதிர்ஷ்டம் என்று பாராமல் இணையப் பண ஆட்டங்களைத் தடைசெய்தது. யார் பக்கம் நின்று வாதிட்டாலும் அந்தத் திறன் எது என்று தமிழில் சொல்லத் தெரிய வேண்டும்.

களத்தை வாசிப்பது அந்தத் திறனில் பெரும்பகுதி. நடுவில் 300 டாலர் இருக்கிறது. நீங்கள் 100 வைத்தால் எதிராளி 100 கொடுத்து, மொத்தம் 500 ஆகும் தொகைக்குப் போட்டியிடுகிறார். அவருக்கு 20 விழுக்காடு வாய்ப்பு இருந்தால் போதும். ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருப்பவருக்கு அடுத்த ஒரு சீட்டிலேயே ஏறக்குறைய அந்த அளவு, 19 விழுக்காடு, இருக்கிறது. பின்னற்களத்தில் 100 என்பது அவருக்கு மலிவு விலை. 300 வைத்தால் அவருக்கு 33 விழுக்காடு தேவை. அப்போது கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது. உதிரிக்களத்தில் காத்திருக்க எதிராளியிடம் எதுவும் இல்லாததால் 100-ஏ போதும். அதனால்தான் பொதுவாக உதிரிக்களத்தில் சிறு பந்தயம் அடிக்கடியும், பின்னற்களத்தில் பெரிய பந்தயம் தேர்ந்தெடுத்தும் வைக்கப்படுகின்றன. இந்தப் பத்தியை வெட், டிரை இல்லாமல் எழுத முடிந்தது என்பதை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன்.

ஃப்ளாப், டர்ன், ரிவர், ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் ஆகியவற்றை ஒலிபெயர்ப்பாகவே விடலாம். அவை பெயர்கள், விளக்கம் அல்ல. ‘டிரா’ என்பதற்குக் ‘காத்திருப்புக் கை’ என்று நான் எழுதிவருகிறேன். இதைவிடச் சுருக்கமானது இருந்தால் எழுதுங்கள். பின்னற்களம், உதிரிக்களம் இரண்டிலும் மறுப்பு உள்ளவர்கள், மேலே உள்ள 9-8-7 எடுத்துக்காட்டைத் தங்கள் சொல்லால் ஒருமுறை எழுதிக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்துச் சொற்பட்டியலில் சேர்ப்போம்.

அன்புடன்.