பத்மினியில் நிற்காத கூலன்ட் கசிவு: ஹெட்டை இறக்குவதா, மஞ்சள்தூள் போடுவதா?

தேவிபட்டினம் பத்மினி:
அப்பா வாங்கிய 1984 பிரீமியர் பத்மினி. ரேடியேட்டரில் தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது. ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்தாயிற்று, ஹோஸ்களை மாற்றியாயிற்று, வாட்டர் பம்ப்பும் புதிது. ஓட்டிவிட்டு நிறுத்தினால் தரையில் ஒரு சொட்டு இல்லை. காலையில் பார்த்தால் எஞ்சினுக்கு அடியில் ஈரம், உள்ளே ஒரு செம்பு தண்ணீர் குறைந்திருக்கும். இதுவரை வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றினேன். சமீபத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சை கூலன்ட் ஊற்றியதும் கசிவு இன்னும் கூடிவிட்டது! பட்டறையில் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்பாகத்தை, இறக்கலாம் என்கிறார்கள். தெருவில் உள்ளவர்கள் மஞ்சள்தூள் போடச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

ஊருணிக்கரை டிரைவர்:
தம்பி, பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறப்பதற்கு முன்பிருந்தே மண்டபம் வரை அம்பாசிடரில் யாத்ரிகர்களை இறக்கிவிட்டவன் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் அந்தப் பச்சைச் சாயத்தைத் திறந்து கொட்டுங்கள். அதை ஊற்றியதும் ஒழுகியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் என்ன சாட்சி வேண்டும்? நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு கைப்பிடி மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுங்கள். திருவாடானைப் பக்கம் கல் தெறித்து ரேடியேட்டர் பொத்துக்கொண்டபோது இதே வைத்தியத்தோடு மதுரை வரை போய்ச் சேர்ந்தேன்.

மண்டபம் விசைப்படகு:
மதுரை வரை போனீர்கள் சரி, ஐயா. மதுரையில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினீர்களா? மஞ்சள்தூள் ஓட்டையைத் தேடிப் போய் அடைப்பதில்லை. தண்ணீர் போகும் இடமெல்லாம் போய், எங்கே ஓட்டம் மந்தமோ அங்கே படிகிறது. ரேடியேட்டரின் கீழ்வரிசைக் குழாய்கள் அடைத்துக்கொண்டால் அடுத்த சித்திரை வெயிலில் முள் சிவப்புக்குப் போகும்.

பத்மினி தம்பிக்கு: நான் படகு எஞ்சின் வேலை செய்கிறவன். உப்பு எதையெல்லாம் தின்னும் என்பதைத் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிறேன். கடல் தண்ணீரை நேராக எஞ்சினுக்குள் விடாமல், தனிக் குழாய்க் கட்டில் ஓடவிட்டு உள்தண்ணீரைக் குளிர்விப்பதே அந்தப் பயத்தால்தான். உங்கள் எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகமான பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். நடுவில் உப்புக் கலந்த போர் தண்ணீர். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அது பேட்டரிதான், அதில் கரைவது அலுமினியம். ஹெட்டில் தண்ணீர்த் துளைகளைச் சுற்றிக் குழிகுழியாக அரித்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் தகடு உட்கார இடமிருக்காது. ஹெட்டை இறக்கி லேத்தில் கொடுத்து மட்டம் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கீழக்கரை காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும். வளைகுடாவில் பட்டறை வேலை பார்த்துத் திரும்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன். விசைப்படகுத் தம்பி சொன்ன உப்புக் கதை உண்மை. ஆனால் ஹெட்டை இறக்கும் அவசரம் ஏன்? அறிகுறிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். சூட்டில் சொட்டவில்லை, குளிர்ந்த பிறகு சொட்டுகிறது. ஆயில் பாலாகத் திரிந்ததாகவோ, புகைக்குழாயில் வெள்ளை ஆவி வருவதாகவோ அவர் எழுதவில்லை. ஹெட் கேஸ்கட் சிலிண்டர் பக்கம் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் ஏறி, ரேடியேட்டரில் விடாமல் குமிழி விடும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தாலே தெரியும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு நீலத் திரவம் இருக்கிறது, ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும்.

குளிரில் மட்டும் கசிவது ஓர் அடையாளம். சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கை மூடுகிறது. மீறி வரும் துளியும் பிளாக்கின் சூட்டிலேயே ஆவியாகிவிடுகிறது. ராத்திரி சுருங்கியதும் வழி திறக்கிறது. எனக்குச் சந்தேகம் கோர் பிளக் மேல். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்திருக்கும் தகர மூடிகளைச் சொல்கிறேன். மெல்லிய எஃகு, உள்பக்கமிருந்து துருப்பிடிக்கும். அடியில் சேறு தங்கும் கீழ்விளிம்புதான் பெரும்பாலும் முதலில் போகும்.

ஊருணிக்கரை டிரைவர்:
அது சரி காக்கா, கூலன்ட் ஊற்றியதும் கசிவு கூடியதற்கு என்ன பதில்? அதை எல்லோரும் தாண்டிப் போகிறீர்களே.

கீழக்கரை காக்கா:
தாண்டவில்லை. கூலன்ட் தண்ணீரை விட எளிதாக இடுக்குகளில் ஊறிப் போகும். அதோடு, பழைய துருவும் சுண்ணாம்பும் ஓட்டையில் அடைத்துக்கொண்டிருந்தால் அதை இளக்கி வெளியே தள்ளும். ஓட்டை முன்பே இருந்தது, துரு அதற்கு அடைப்பாக நின்றது. அந்த அடைப்பை நம்பி தனுஷ்கோடிச் சாலையில் குடும்பத்தோடு போகச் சொல்கிறீர்களா?

இன்னொன்று. உங்கள் ஊருணித் தண்ணீர் மழைத் தண்ணீர், போர் தண்ணீரை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் வெறும் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கூலன்ட்டில் துருத்தடுப்பு மருந்து இருக்கிறது. பச்சை வகையில் அது சுமார் 2 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். கசிகிறதென்று தினமும் புதுத் தண்ணீர் ஊற்றினால் தினமும் புது உப்பும் புதுப் பிராணவாயுவும் உள்ளே போகின்றன. கசிவு துருவை வளர்க்கும், துரு கசிவை வளர்க்கும்.

உச்சிப்புளி இளைஞன்:
இத்தனை சண்டை எதற்கு? ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். என் நண்பன் 13 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி போட்டான், தண்ணீர் கொதிப்பதே இல்லை.

மண்டபம் விசைப்படகு:
தம்பி, பழைய ரேடியேட்டரின் ஈயத் தையல் அந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை. 7 பிஎஸ்ஐயில் தண்ணீர் சுமார் 111 டிகிரியில் கொதிக்கும், 13இல் சுமார் 119. அந்த எட்டு டிகிரிக்கு ஆசைப்பட்டு, கசிகிற வண்டியில் அழுத்தத்தைக் கூட்டினால் கசிவு ஓடையாகும். கம்பெனி சொன்ன மூடி போதும், அதன் ரப்பர் நல்லதாக இருக்கட்டும்.

தேவிபட்டினம் பத்மினி:
காக்கா, சோதித்துப் பார்க்க என்ன வழி? இங்கே யாரிடமும் பிரஷர் டெஸ்டர் இல்லை. பிளாக்கில் ஓரிடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பா கூலன்ட்டா என்று தெரிந்துவிடாதா?

கீழக்கரை காக்கா:
வேண்டாம், வேண்டவே வேண்டாம்! கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கீழே தேங்கியதை ஆடும் நாயும் இனிப்புக்காக நக்கிவிடும், உடனே மண்ணை அள்ளிப் போட்டு எடுத்துவிடுங்கள்.

சோதனைக்கு: அதே அளவில் பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் துளையிட்டு சைக்கிள் ட்யூப் வால்வைப் பற்றவையுங்கள். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலையில் ரேடியேட்டரை நிரப்பி, அந்த மூடியைப் போட்டு, கேஜ் உள்ள கைப்பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பொறுமையாகத் தேடுங்கள். ஹோஸ் முனைகள், பம்ப்பின் அடியில் உள்ள கசிவுத் துளை, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோடு, கடைசியாக கோர் பிளக்குகள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலைவிட்டுத் தடவுங்கள்.

ஊருணிக்கரை டிரைவர்:
சைக்கிள் பம்ப்பில் கார் வைத்தியம். நான் மஞ்சள்தூள் என்றால் மட்டும் சிரிப்பு.

தேவிபட்டினம் பத்மினி:
செய்து பார்த்துவிட்டேன். வால்வு பற்றவைக்க ஈயக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார், அவருக்கே வேடிக்கை பார்க்க ஆசை. காற்றடித்ததும் முள் நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. ரேடியேட்டர் காய்ந்திருந்தது, ஹோஸ் முனைகளும் பம்ப்பும் அப்படியே. ஹெட் கோட்டில் டிஷ்யூ காகிதத்தை ஓட்டினேன், ஈரமில்லை. பிளாக்கின் பின்கோடியில், பார்வைக்குப் படாமல் கை மட்டும் நுழையும் இடத்தில் ஒரு மூடி. அதன் கீழ்விளிம்பில் விரல் நனைந்தது. கண்ணாடியில் பார்த்தால் பச்சையும் வெள்ளையும் கலந்த பொருக்கு, அதற்குக் கீழே துரு வழிந்த கோடு. சுரண்டினால் தகரமே விரலோடு உதிர்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டதில் குமிழியும் வரவில்லை.

மண்டபம் விசைப்படகு:
கோர் பிளக் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளக்கைத் தின்ற அதே தண்ணீர்தான் ஹெட்டுக்குள்ளும் ஓடியது. அலுமினியத்தை மட்டும் மன்னித்துவிட்டதா? எப்படியும் கூலன்ட்டை வடிக்கப் போகிறீர்கள். கையோடு ஹெட்டையும் திறந்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

கீழக்கரை காக்கா:
தம்பி, கசியாத கேஸ்கட்டைப் பிரிப்பது வேண்டாத வேலை. பழைய போல்ட் ஒன்று முறிந்தால் யார் பொறுப்பு? அரிப்பு இருக்கலாம், அது கசியும் நாளில் திறக்கலாம். அதுவரை ஆயிலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பத்மினி தம்பி, ஒரு பிளக் போனால் மற்றவையும் அதே வயது. எட்டுகிற எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், துருப்பிடிக்காத பித்தளையில் கிடைத்தால் அதையே போடுங்கள். பழையதை எடுக்கும்போது ஓர் ஓரத்தில் தட்டினால் மறு ஓரம் திரும்பும், இடுக்கியால் பிடித்து இழுக்கலாம். நடுவில் ஓங்கி அடித்தால் பின்னால் இருக்கும் சிலிண்டர் சுவரில் படும். குழியின் உள்வட்டத்தைத் துருவில்லாமல் தேய்த்து, சீலன்ட் தடவி, புதியது சாயாமல் நேராக இறங்கும்படி அடிக்க வேண்டும். உள்ளே சேறு இருக்கும். பிளக் திறந்திருக்கும்போதே குழாய்த் தண்ணீரைவிட்டு, கலங்கல் போகும் வரை அலசுங்கள். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள்.

ஊருணிக்கரை டிரைவர்:
ஒரு தகர மூடிக்கு இவ்வளவா? வெளியிலிருந்து எபாக்சி பூசி, உள்ளே என் மஞ்சளைப் போட்டிருந்தால் இன்றைக்கே ராமேஸ்வரம் போய் வந்திருக்கலாம்.

தேவிபட்டினம் பத்மினி:
ஐயா, உதிர்கிற தகரத்தின் மேல் எபாக்சி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? பிளக்குகளை மாற்றப் போகிறேன், ஹெட்டைத் தொடவில்லை. விசைப்படகு அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். மதுரையில் பழைய வண்டி உதிரிபாகக் கடைகளில் கேட்கலாம் என்றிருக்கிறேன். பழைய பிளக்கைக் கொண்டுபோனால் அளவு தெரியுமா?

கீழக்கரை காக்கா:
தெரியாது. கழற்றும்போது அது நெளிந்துவிடும். குழியின் விட்டத்தை வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கிண்ண வடிவமா, குமிழ் வடிவமா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டும் உட்காரும் விதம் வேறு.

மண்டபம் விசைப்படகு:
கோபமெல்லாம் இல்லை தம்பி. போர் தண்ணீரை மட்டும் இனி ஊற்றாதீர்கள். ஹெட்டைப் பற்றி ஐப்பசி மழை முடிந்து பேசிக்கொள்வோம்.