லின் பஸ்ஸில் நான்கு சென்சார்கள்: மேசையில் சரி, வண்டியில் தடுமாற்றம்

கேள்வி

வணக்கம். குளிரூட்டிய சரக்கு வேன் ஒன்றின் பெட்டிக்குள் நான்கு வெப்பநிலை சென்சார்களை லின் பஸ்ஸில் (வண்டிக் கருவிகள் ஒரே வயரில் பேசிக்கொள்ளும் இணைப்பு) கேட்டால் மட்டும் பதில் சொல்லும் ஸ்லேவாக இணைத்து, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே உள்ள பலகையைக் கேள்வி கேட்கும் மாஸ்டராக வைத்திருக்கிறேன். வேகம் நொடிக்கு 19,200 பிட். மேசையில் அரை மீட்டர் வயரில் ஒரே ஒரு சென்சாரை வைத்துச் சோதித்தபோது பிழையே வரவில்லை. வண்டியில் சுமார் 9 மீட்டர் வயர் இழுத்து நான்கையும் சேர்த்த பிறகு, பதில்கள் விட்டுவிட்டுத்தான் வருகின்றன. இது போதாதென்று, பழைய கையிருப்பிலிருந்து எடுத்த நான்காவது சென்சாரின் பதில் ஆசிலாஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தும் மாஸ்டர் அதை ஒருமுறைகூட ஏற்கவில்லை. மாஸ்டர் பக்கம் 1 நானோஃபாரட் கெபாசிட்டர் உண்டு. பஸ்ஸின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கும் புல்-அப் மின்தடை, பஸ்ஸில் அனுப்பி வாங்கும் டிரான்ஸீவர் சில்லுக்குள்ளேயே இருப்பதாகப் படித்ததால் தனியாகப் போடவில்லை.

பதில் 1

நீங்கள் படித்தது ஸ்லேவுக்குப் போதுமான 30 கிலோ ஓம் மின்தடையைப் பற்றியது. மாஸ்டரில் அதற்கு மேல் 1 கிலோ ஓம் வெளியே போட்டே ஆக வேண்டும். லின் பஸ்ஸில் மின்னழுத்தத்தைக் கீழே இழுப்பது டிரான்சிஸ்டர், மேலே ஏற்றுவது வெறும் மின்தடை. ஆகவே இறங்குமுகம் செங்குத்தாகவும் ஏறுமுகம் சாய்வாகவும் அமைகிறது. உங்கள் ஐந்து முனைகளின் (மாஸ்டர் ஒன்று, சென்சார் நான்கு) 30 கிலோ ஓம்களும் இணையாகச் சேர்ந்தால் 6 கிலோ ஓம். ஸ்லேவுக்கு 220 பிகோஃபாரட், மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட், மாஸ்டரின் கெபாசிட்டர் என்று கூட்டினால் கிட்டத்தட்ட 2.8 நானோஃபாரட். இரண்டையும் பெருக்கினால் கால மாறிலி (மின்னழுத்தம் ஏற எடுக்கும் நேரத்தின் அளவு) 17 மைக்ரோநொடி வருகிறது, விதிமுறை அனுமதிப்பதோ 1 முதல் 5 வரைதான். ஒரு பிட்டின் நீளமே 52 மைக்ரோநொடி என்பதால், ஸ்லேவின் கடிகாரம் சிறிது விலகினாலும் வாசிப்பு தவறிவிடும். 1 கிலோ ஓம் சேர்த்தால் மாறிலி 2.4 ஆகக் குறையும்.

அந்த மின்தடையுடன் தொடராக ஒரு டயோடும் வேண்டும்; பலகைக்கு வரும் 12 வோல்ட் அறுந்துபோனால், பஸ் வழியாக மின்சாரம் பின்னோக்கி ஏறிப் பலகையை அரைகுறையாக உயிர்ப்பிக்காமல் தடுப்பது அதுதான். மின்தடை அரை வாட்டாக இருக்கட்டும். பஸ் வயர் வண்டியின் உடலில் உரசி எர்த் ஆனால் 14 வோல்ட்டில் 0.2 வாட் அதன்மேல் விழும், பொடிச் சில்லு மின்தடை அதைத் தாங்காது.

பதில் 2

நான்காவது சென்சாரின் சிக்கல் வேறு. அது லின் விதிமுறையின் 1.3 பதிப்புக் காலத்துப் பொருளாக இருக்க வேண்டும். பழைய செக்சம் (பிழை கண்டறியக் கடைசியில் சேர்க்கும் சரிபார்ப்பு எண்) தரவு பைட்டுகளை மட்டும் கூட்டும், 2.0 முதல் வந்த புதிய செக்சம், எந்தத் தகவலைக் கேட்கிறது என்று சொல்லும் அடையாள பைட்டையும் சேர்த்துக்கொள்ளும். அடையாள எண் 16 என்றால் பாரிட்டி (சரிபார்ப்பு) பிட்டுகளுடன் அது 80 ஆகும். தரவு 18, 52 என்று வைத்துக்கொண்டால், பழைய முறையில் 255-லிருந்து 70-ஐக் கழித்து 185, புதிய முறையில் 150-ஐக் கழித்து 105. அந்த ஓர் அடையாளத்துக்கு மட்டும் பழைய முறையை மாஸ்டரில் அமைத்தால் போதும், ஒரே பஸ்ஸில் இரண்டும் சேர்ந்து வாழும்.

கேட்டவர்

இரண்டையும் செய்தேன், நான்கும் பேசுகின்றன. மிக்க நன்றி. மாஸ்டர் வரிசையாகக் கேட்கும் அட்டவணையில் ஒவ்வொரு சென்சாருக்கும் 4 மில்லிநொடி ஒதுக்கியிருக்கிறேன், ஒவ்வொன்றும் 2 பைட் அனுப்புகிறது. இது போதுமா?

பதில் 1

போதாது. மாஸ்டர் அனுப்பும் தலைப்புக்கு 34 பிட், இரண்டு தரவு பைட்டுக்கும் செக்சத்துக்கும் 30 பிட், ஆக 64 பிட்டுக்கு 3.3 மில்லிநொடி ஆகிறது. தலைப்பும் பதிலும் இடைவெளி விட்டு நீள விதிமுறை 40 சதவீதம் கூடுதலாக அனுமதிப்பதால் 4.7 வரை போகலாம். இப்போது ஓடுவது உங்கள் சென்சார்கள் சுறுசுறுப்பாக இருப்பதால்தான். 5 வையுங்கள், பெட்டியின் வெப்பநிலை அவ்வளவு விரைவாக மாறப்போவதில்லை என்பதால் 10 வைத்தாலும் நட்டமில்லை.