சிங்கப்பூர் பஸ், எம்ஆர்டி ரயிலில் அதிகக் காசு போகுது, அவசரம்

ஈப்போ பயணி
ஈப்போவிலிருந்து அம்மாவோட வந்திருக்கேன். தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் தங்கியிருக்கோம். கார்டு தட்டித்தான் போறோம். இறங்கி அடுத்த பஸ் ஏறினா சேர்த்துக் கணக்குப் போட்டு மலிவா வரும்னாங்க. எனக்கு முழுக் கட்டணம் போகுது, ஒரு பஸ்ஸுக்கு ரொம்பவே அதிகம். தட்டும்போது எவ்வளவு எடுத்துச்சுன்னும் காட்டல. காலையில செந்தோசா தீவுக்குப் போகணும், யாராவது சொல்லுங்க.

செங்காங்வாசி
என்ன கார்டுங்க? காசு நிரப்பித் தட்டற ஈஸி லிங்க் பயணக் கார்டா, வங்கிக் கார்டா? அம்மாவுக்குத் தனிக் கார்டு இருக்கா? ஒரே கார்டை ரெண்டு பேருக்குத் தட்ட முடியாது. மலேசியாவோட டச் அன் கோ கார்டு இங்கே செல்லாது.

பொத்தோங் பாசிர்
எந்த பஸ்? 65-ல இறங்கி, கடைக்குப் போயிட்டு மறுபடி 65-லயே ஏறியிருப்பீங்க. அதே எண் பஸ்னா எத்தனை நிமிஷத்துல ஏறினாலும் புதுப் பயணம்தான். நிச்சயம் இதுதான்.

தண்டவாளம்
கார்டு எது, பஸ் எது, ஏறியது எங்கே என்று எதுவுமே சொல்லாமல் கேட்டால் இங்கே யாரும் ஜோசியம் பார்க்க முடியாது. விதிகள் எல்லா நிலையத்திலும் இருக்கின்றன, படிப்பவர்தாம் குறைவு. மீண்டும் எழுதுகிறேன். ஒரு பயணத்தில் 5 முறை மாறலாம். ஒன்றில் இறங்கித் தட்டிய 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறித் தட்ட வேண்டும். முழுப் பயணத்துக்கும் 2 மணி நேரம். ஒரே எண் பஸ்ஸில் அடுத்தடுத்து ஏறக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கார்டு.

வெள்ளிக்கணக்கு
பர்ஸோட தட்டுறீங்களா? உள்ளே ரெண்டு கார்டு இருந்தா ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது இன்னொண்ணு மாட்டிக்கும். கார்டை வெளியே எடுத்துத் தட்டுங்க.

ஈப்போ பயணி
வங்கிக் கார்டு, வீசா. அம்மாகிட்ட அவங்க கார்டு இருக்கு, அவங்களுக்குப் பிரச்சினை இல்ல. எனக்கு ஃபோன்லயும் அதே கார்டுதான். கையில எது இருக்கோ அதைத் தட்டுறேன். ரெண்டும் ஒரே கணக்குதானே?

செங்காங்வாசி
கிடைச்சிடுச்சு. வங்கிக்கு ஒரே கணக்குதான். ஆனா ஃபோனுக்குள்ள இருக்கற கார்டுக்கு வேற எண். பஸ் வாசிப்பானுக்கு அது ரெண்டு ஆள் மாதிரி. ஃபோனால ஏறி, கார்டால இறங்கினீங்கன்னா, ஃபோன் இறங்கவே இல்லைன்னு கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் போட்டிருக்கும். இறங்கும்போது தட்டின கார்டு புதுசா ஏறினதாப் பதிவாகி, அதுவும் இறங்காமலே நிக்கும். ரெண்டு கட்டணம். அடுத்த பஸ்ஸுக்கான தொடர்ச்சியும் அங்கேயே அறுந்துபோச்சு.

இனி ஒண்ணையே வச்சுக்குங்க. ஃபோன் சார்ஜ் இறங்கிடும்னு பயமா இருந்தா கார்டு நல்லது. சிம்ப்ளிகோ செயலியில கார்டைச் சேர்த்தா ஒவ்வொரு பயணமும் தெரியும், அரைகுறையாப் பதிவானதுக்கு அங்கேயே திருத்தம் கேட்கலாம்.

வெள்ளிக்கணக்கு
வெளிநாட்டு வங்கிக் கார்டுன்னா தட்டுற ஒவ்வொரு நாளும் 60 காசு நிர்வாகக் கட்டணம் உண்டு, அதையும் பாருங்க. பேசாம ஈஸி லிங்க் வாங்கிடுங்க.

தண்டவாளம்
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஈஸி லிங்க் 10 வெள்ளி (டாலர்), அதில் கார்டுக்கான 5 வெள்ளி திரும்ப வராது. 60 காசு வீதம் 8 நாளுக்கு 4.80 தான். ஒன்பதாம் நாளில்தான் கார்டு லாபம்.

வெள்ளிக்கணக்கு
வங்கி போடற நாணயமாற்றுக் கட்டணத்தை விட்டுட்டீங்களே. அதோட பணம் கார்டுலயே இருக்கற பழைய முறை ஈஸி லிங்க்கில தட்டின உடனே கட்டணமும் மீதியும் திரையில தெரியும். வயசானவங்களுக்கு அதுதான் வேணும். செயலியில போய்ப் பாருன்னு சொல்றது உதவி இல்ல.

தண்டவாளம்
பணம் கார்டில் இல்லாமல் கணக்கில் இருக்கும் புதிய முறையில் கார்டு தொலைந்தாலும் பணம் தொலையாது, எங்கிருந்தும் நிரப்பலாம். திரையில் எண் தெரிவதற்காகப் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருப்பது செலவு.

பொத்தோங் பாசிர்
மக்கள் கேட்டதால்தானே நிப்பாட்டல. 2024 ஜூன் 1 முதல் பழைய முறை கிடையாதுன்னு ஜனவரி 9-ல அறிவிச்சாங்க, 22-ஆம் தேதியே தொடரும்னு மாத்தினாங்க. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி செலவு. மீதி எவ்வளவுன்னு கண்ணால பார்க்கறது சின்ன விஷயம் இல்ல.

தண்டவாளம்
அந்த 40 மில்லியனும் யார் பணம் என்று யோசியுங்கள்.

செங்காங்வாசி
அண்ணே, அதுக்குத் தனி இழை போடுங்க, அவங்க காலையில கிளம்பணும். ஈப்போ, செந்தோசாவுக்கு பஸ்ஸே வேண்டாம். லிட்டில் இந்தியா நிலையத்துல ஊதா வழித்தடம், ஹார்பர்ஃபிரண்ட் வரைக்கும் மாறவே வேண்டாம். அங்க விவோசிட்டி மாலுக்கு வெளியே நடைபாலம், நடந்து போனா காசில்ல. அம்மாவால நடக்க முடியலன்னா அந்த மாலோட மூணாம் மாடியில செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், உள்ளே போக ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வர இலவசம். தீவுக்குள்ள பஸ் எல்லாம் இலவசம். வேலை நாள்ல 7:45-க்கு முன்னாடி ரயில் நிலையத்துல தட்டி நுழைஞ்சா 50 காசு வரைக்கும் குறையும்.

ஈப்போ பயணி
கார்டு மட்டும் தட்டினேன், இப்ப சேர்த்துத்தான் கணக்கு வருது. திருத்தம் கேட்டிருக்கேன். நன்றி.

பொத்தோங் பாசிர்
அந்த பஸ் 65 தானா, சொல்லலையே?